இரண்டு ஷிப்ட், ஒரு ஜோடி ஷூ

சேலையூர்,
2 ஏப்ரல் 2007

அண்ணா,

அஸ்ஸலாமு அலைக்கும். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதே, படிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. இரண்டு வருஷமாக உன்னோடு பேசவில்லை, இனியும் பேசப்போவதில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். மே மாதம் நான் இமயமலை ஏறப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. ஹிமாச்சலப் பிரதேசத்தில் கசோல் என்ற ஊரில் முகாம். அங்கிருந்து வழிகாட்டிகள் ஐம்பது பேரைக் கூட்டமாக அழைத்துப் போகிறார்கள். ஒரு வாரம் நடை. பதின்மூவாயிரத்து எண்ணூறு அடியில், பனி மூடிய ஒரு கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும். ஸ்டாஃப் ரூம் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எல்லோரும் படித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள், நான் பேனாவை எடுத்தேன். பத்தொன்பது வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன், வருஷம் தவறாமல் போர்டில் இமயமலை வரைகிறேன். நாற்பத்திரண்டு வயசாகிறது, பனியை ஃப்ரிட்ஜுக்குள்தான் பார்த்திருக்கிறேன்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது. அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் யார் என்று. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் யோசிக்காமல் அவர் பெயரை எழுதியிருப்பேன், அவர் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. மகள் கைனாத் பெயரைப் போடலாம் என்றால், கோயம்புத்தூரில் அவளுக்கு அந்த வாரம்தான் கடைசி செமஸ்டர் பரீட்சை. பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து, கடைசியில் உன் பெயரை எழுதிவிட்டேன். ஷாகுல் ஹமீது, உறவுமுறை அண்ணன்.

இதை வைத்து நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதே. கைனாத்துக்கு உன் சிநேகிதர் வீட்டில் நீ பேசி முடித்துவந்த சம்பந்தத்தை நான் வேண்டாம் என்றதும், அவர் முன்னால் உனக்குத் தலைகுனிவு ஆனதும், "இனிமே என் வூட்டு வாசலை மிதிக்காதே" என்று நீ சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. பெண் படிக்க வேண்டும் என்றேன், படித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஊரிலிருந்து தந்தி ஏதாவது வந்தால், என் பெயரைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடாதே. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஜஹீரா


கோவிலம்பாக்கம்,
9 ஏப்ரல் 2007

ஜஹீரா,

வஅலைக்கும் ஸலாம். சேலையூரிலிருந்து இங்கே வர உன் லெட்டர் அஞ்சு நாள் எடுத்திருக்கு. நீ நடந்து வந்திருந்தா ரெண்டு மணி நேரம்.

போகக்கூடாது. இது என் முடிவு. தந்தி வாங்க நான் இருக்கேன்னு எழுதிட்டா ஆச்சா? தந்தி வர்ற மாதிரி காரியத்துக்கு எதுக்குப் போகணும்? உன் அண்ணி தபஸ்ஸும் லெட்டரைப் படிச்சதிலிருந்து மூக்கைச் சிந்திக்கினு இருக்கா. அவளுக்குச் சமாதானம் சொல்லியே எனக்கு வேலைக்கு நேரமாச்சு.

எப்படியும் நீ என் பேச்சைக் கேக்கப்போறதில்ல, இதுவரைக்கும் எப்போ கேட்டிருக்கே. அதனால ஒண்ணே ஒண்ணு. காலுக்கு என்ன போட்டுக்கினு போறே? பொம்பளைங்க சைஸில் உன் காலுக்கு நம்ம ஊரில் எந்தக் கடையிலும் மலை ஷூ கிடைக்காது. இருபத்தஞ்சு வருஷமா நாகல்கேணி ஷெட்டில் ஜெர்மனிக்காரன் மலை ஏற ஷூவுக்குத் தோல் வெட்டுறேன். என் தங்கச்சி காலில் கொப்புளம் வந்து பாதி வழியில் உக்காந்துட்டான்னு எனக்குத் தந்தி வந்தா, ஷெட்டில் நான் தலைகாட்ட முடியாது.

ஒரு பெரிய தாளில் ரெண்டு காலையும் வரைஞ்சு அனுப்பு. காலையில் வரையாதே, பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலம் வரை. நாள் பூரா நின்ன காலுதான் சரியான அளவு. உக்காராதே, நில்லு. நீயே குனிஞ்சு வரையாதே, எடை மாறிடும், வேற யாரையாவது வரையச் சொல்லு. பென்சில் நேரா நிக்கணும், உள்பக்கம் சாயக்கூடாது.

இதைச் சமாதானம்னு எடுத்துக்காதே. இது தொழில்.

ஷாகுல்


சேலையூர்,
14 ஏப்ரல் 2007

அண்ணா,

கால் இரண்டும் இத்துடன் வருகின்றன. வரைந்தவர் எங்கள் பள்ளி வாட்ச்மேன் அரிகிருஷ்ணன். சாயங்காலம் ஐந்து மணி, நின்றபடி, பென்சில் நேராக. டீச்சர் காலைத் தொட்டு வரைய அந்த மனுஷர் பட்ட கூச்சத்தைச் சொல்லி முடியாது. எதற்கு என்று கேட்டார், இமயமலைக்கு என்றேன், போய்ப் பென்சிலை இன்னொரு தடவை சீவிக்கொண்டு வந்தார்.

என் கால் அளவு உனக்குத் தெரியாததா? அப்போது ஸ்கூலில் நீ காலை ஷிப்ட், நான் மதிய ஷிப்ட். வீட்டில் இருந்ததே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. நீ என்னைவிட இரண்டு வயசு மூத்தவன், ஆனால் எனக்கு அத்தாவின் பெரிய கால், அதனால் இருவருக்கும் ஒரே சைஸ். பன்னிரண்டரை மணிக்கு ஸ்கூல் கேட்டில் நீ கழற்றுவாய், நான் மாட்டிக்கொள்வேன். உள்ளே சூடாக இருக்கும். ஒரு கல்லாவது கிடக்கும். ஒரு நாளும் நீ தட்டிவிட்டுக் கொடுத்ததில்லை.

தினமும் காலையில் கேம்ப் ரோடு வரை வேகமாக நடந்து திரும்புகிறேன். பிறகு பையில் நாலு அட்லஸைப் போட்டுக்கொண்டு பள்ளியின் மூன்று மாடியையும் பத்துத் தடவை ஏறி இறங்குகிறேன். டாக்டர் சர்ட்டிஃபிகேட்டும் வாங்கியாயிற்று. நீ தெருமுனை பால் பூத்துக்கே டி.வி.எஸ். ஃபிஃப்டியில் போகிறவன், சுகருக்கு நடக்கச் சொன்னார் என்பதற்காக டாக்டரையே மாற்றியவன். உனக்கு இதெல்லாம் விளங்காது.

எதற்குப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். அவர் போனதிலிருந்து எனக்காக எல்லோரும் முடிவெடுக்கிறார்கள் அண்ணா. எந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், பெண்ணை எப்போது கட்டிக்கொடுக்க வேண்டும், பெருநாளைக்கு என்ன நிறத்தில் சேலை கட்டலாம் என்பது வரைக்கும். இது நானே எடுத்த முடிவு. பாதியில் திரும்பி வந்தால், எல்லோரும் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். முக்கியமாக நீ சொன்னது.

பயமாகவும் இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஜஹீரா


கோவிலம்பாக்கம்,
5 மே 2007

ஜஹீரா,

குப்பன் கையில் ஷூ கொடுத்து அனுப்பியிருக்கேன். ஷெட்டில் என்னோட வேலை செய்யறவன், ஒரு டீயாவது போட்டுக் கொடு.

புது ஷூ இல்ல. எக்ஸ்போர்ட்டுக்குப் போகாம ஒதுக்கி வெச்சிருந்த ஜோடி, கொஞ்ச நாள் யாரோ போட்டு நடந்தது. அடிப்பக்கம் லேசா தேஞ்சிருக்கும். உனக்கு அளவு சரியா வரும். உள்ளே ரெண்டு சாக்ஸ் போட இடம் இருக்கு. இறங்கும்போது மேல் கயிறை இறுக்கிக் கட்டு, ஏறும்போது கொஞ்சம் தளர்த்து. ராத்திரி கூடாரத்துக்கு வெளியே விடாதே, விறைச்சுப்போயிடும்.

எனக்கு ஷெட்டில் வேலை அதிகம். ஸ்டேஷனுக்கு வர முடியாது.

ஷாகுல்


கசோல்,
12 மே 2007

அண்ணா,

உயிரோடுதான் இருக்கிறேன். டெல்லி வரை இரண்டு ராத்திரி ரயில், அதன் பிறகு மலைப்பாதையில் ஒரு ராத்திரி முழுக்கப் பஸ். இங்கே ஆற்றங்கரையில் கூடாரம். ரயிலில் எதிர் சீட்டில் வந்த குரோம்பேட்டை ஷீலாவும் இதே கூட்டம்தான், வங்கியில் வேலை. வழிகாட்டி தோலா ராம் பேசுகிற இந்தியை அவள்தான் எனக்குத் தமிழில் சொல்கிறாள்.

நேற்று தூரத்தில் பனி பார்த்தேன். அதைப் பற்றி எழுத இப்போது மனசில்லை.

உன் ஷூவைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? குப்பன் டீ குடித்துவிட்டுப் போகும்வரை அடக்கிக்கொண்டு, அவர் போனதும் அழுதேன். நாட்டிலுள்ள ஜெர்மனிக்காரனுக்கெல்லாம் புதுசாக வெட்டுகிறாய். வாட்ச்மேனை மண்டியிட வைத்து இரண்டு காலையும் வரைந்து அனுப்பினேன். கடைசியில் யாரோ போட்டுக் கழித்ததைத்தான் எனக்கு அனுப்ப மனசு வந்ததா? அடியில் மண்கூடப் போகவில்லை.

ரோஷத்தில் அன்றைக்கே தாம்பரத்துக்குப் போய் ஆம்பளை சைஸில் ஒரு புது ஷூ வாங்கினேன். உன்னுடையதைப் பையின் அடியில் போட்டேன். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம், ஏனோ முடியவில்லை.

இன்றைக்குப் பழக்க நடை. மூன்று மணி நேரம்தான். திரும்பி வரும்போது இரண்டு குதிகாலிலும் கொப்புளம், இடது காலில் உடைந்தே விட்டது. தோலா ராம் கூட்டத்தின் எல்லோர் காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னுடையதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். இந்த ஷூவோடு மேலே கூட்டிப்போக மாட்டாராம். வேறு ஷூ இருந்தால் நாளைக்குப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பஸ் ஏறி ஊருக்குப் போக வேண்டும். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆகவே நாளைக் காலை உன் பழைய ஷூவைத்தான் போட வேண்டும். அதுவும் கடித்தால் என் இமயமலை இத்தோடு முடிந்தது. நீ சந்தோஷப்படலாம்.

ஜஹீரா


கசோல்,
20 மே 2007

அண்ணா,

போன கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டேன், திரும்ப எடுக்க வழியில்லை. அது முதலில் வந்து சேர்ந்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிடு.

பதின்மூன்றாம் தேதி காலையில் கொப்புளத்துக்கு ஷீலா பிளாஸ்திரி போட்டுவிட்டாள். இரண்டு சாக்ஸ் மாட்டி உன் ஷூவுக்குள் காலை விட்டேன். எங்கேயும் இடிக்கவில்லை, எங்கேயும் கடிக்கவில்லை. பல வருஷமாக நான் போட்டுப் பழகிய ஷூ மாதிரி இருந்தது. தோலா ராம் என்னை ஆற்றங்கரைப் பாறைமேல் ஏறி இறங்கச் சொன்னார். பிறகு உட்கார வைத்து, ஷூவைக் கழற்றி வாங்கித் திருப்பிப் பார்த்தார். யார் பழக்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. தோல் புதுசு, தையல் புதுசு, ஆனால் யாரோ இதைப் போட்டுக்கொண்டு தினமும் பாறையில் ஏறி இறங்கி வளைத்துக் கொடுத்திருக்கிறார்கள், இப்படி யாரும் சும்மா செய்யமாட்டார்கள் என்றார். சொல்லிக்கொண்டே கத்தி முனையால் அடிப்பள்ளத்தில் சிக்கியிருந்த ஒரு கல்லை நெம்பி என் கையில் போட்டார். இது எங்கள் மலைக் கல் இல்லை என்றார்.

அது யார் மலைக் கல் என்று எனக்குத் தெரியும். நீலம் ஓடிய கறுப்பு, எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுக்கு. வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பைப் பல்லாவரம் மலைக்குக் கூட்டிப்போய், கையில் எடுத்துக் கொடுத்துச் சார்னோக்கைட் என்று சொல்லிக்கொடுக்கிற கல். ஷூவை வாங்கி நானும் திருப்பிப் பார்த்தேன். இடது குதிகாலில் வெளி ஓரம் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. இடது காலை அப்படிச் சாய்த்து வைத்து நடக்கிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஷீலா வலி என்று நினைத்து மாத்திரை எடுத்து வந்தாள். என் அண்ணன் பால் பூத்துக்கு வண்டியில் போகிறவன் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தத் தடவையும் நீ கல்லைத் தட்டிவிட்டுக் கொடுக்கவில்லை அண்ணா.

இனி மலைக்கு வருகிறேன். முதல் இரண்டு நாள் காடு, கிராமம், பேச்சு, சிரிப்பு. அதன் பிறகு மரமே இல்லை. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் கடைசி முகாம். அங்கே தலை வெடித்துவிடும் போல வலித்தது, ஒரு கவளம்கூட இறங்கவில்லை. தோலா ராம் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டுக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் குடிக்க வைத்தார். என்னை அவருக்கு முன்பின் தெரியாது. அந்த மனுஷருக்காக ஆயுசுக்கும் துஆ செய்வேன்.

பதினெட்டாம் தேதி, வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் தாண்ட வேண்டும் என்று விடியுமுன்பே கிளம்பினோம். செங்குத்தான பனிச் சரிவு. வழிகாட்டிகள் முன்னால் போய் ஷூவால் உதைத்து உதைத்துப் பள்ளம் போடுவார்கள், அந்தப் பள்ளத்தில் நாம் காலை வைக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் கீழே பார்த்துவிட்டேன். அவ்வளவுதான், கால் மரத்துப்போயிற்று. முன்னால் வைக்கவும் முடியவில்லை, பின்னால் எடுக்கவும் முடியவில்லை. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். திரும்பிப் போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். தோலா ராம் இறங்கி வந்து என் காலைக் காட்டி ஏதோ சொன்னார். ஷீலா பின்னாலிருந்து எனக்குச் சொன்னாள்.

"ஷூவை நம்பி மிதிங்க. அதைப் பழக்கினவர் உங்களை விழ விடமாட்டார்."

மிதித்தேன். அடுத்ததையும் மிதித்தேன். மேலே போய்ச் சேரும்வரை வேறு எதையும் யோசிக்கவில்லை, உன் இடது குதிகாலைத் தவிர.

பதின்மூவாயிரத்து எண்ணூறு அடி. எல்லாப் பக்கமும் வெள்ளை. இத்தனை வருஷம் நான் போர்டில் வரைந்தது ஒன்றுமே இல்லை, போனதும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் கத்தினார்கள், படம் எடுத்தார்கள். நான் பனியில் நெற்றியை வைத்து ஸஜ்தா செய்தேன். என் வீட்டுக்காரருக்காக, கைனாத்துக்காக, உனக்காக. உன் பெயர்தான் முதலில் வந்தது. மறுபக்கம் எல்லோரும் பனியில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினோம். நாற்பத்திரண்டு வயசில் சின்னப்பிள்ளை மாதிரி கூச்சல் போட்டேன்.

நன்றி அண்ணா. நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வார்த்தை இல்லை இது, இருந்தாலும் சொல்கிறேன். உன்னைத் தவறாக நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. கைனாத் விஷயத்தில் நான் எடுத்த முடிவில் மாற்றம் இல்லை. ஆனால் உன் சிநேகிதர் முன்னால் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

உன்னைப் பார்க்க வேண்டும். எங்கே வரட்டும் என்று மட்டும் எழுது. ஷெட்டுக்கு வரச் சொன்னால் ஷெட்டுக்கு வருகிறேன்.

ஜஹீரா


கோவிலம்பாக்கம்,
28 மே 2007

ஜஹீரா,

ரெண்டு லெட்டரும் ஒரே நாளில் வந்துது. நீ ஊர் திரும்பி நாலு நாள் ஆச்சுன்னு குப்பன் சொன்னான். முதல் லெட்டரை நான் கிழிக்கலை, கிழிக்கவும் மாட்டேன். எனக்கு அது வேணும்.

புது மலை ஷூவைப் பழக்காம போட்டா எப்பேர்ப்பட்ட காலையும் கடிச்சிடும். உனக்கு நேரம் இல்ல, பள்ளிக்கூடம், பரீட்சைப் பேப்பர். நீ வரைஞ்சு அனுப்பின தாளைத் தரையில் விரிச்சு அதுமேல என் காலை வெச்சேன். பென்சில் கோடு தெரியலை, அப்படியே மூடிக்கிச்சு. இந்த வயசிலும் ரெண்டு பேருக்கும் அதே அளவுதான். அப்புறம் யோசிக்க என்ன இருக்கு? நாலு நாளில் வெட்டித் தெச்சேன். பன்னெண்டு நாள், காலையில் ஆறு மணிக்கு வண்டியைப் பல்லாவரம் மலை அடிவாரத்தில் நிறுத்திட்டு ஏறி இறங்கினேன். ஏப்ரல் வெயிலில் ரெண்டு கம்பளிச் சாக்ஸோட. பார்த்தவனெல்லாம் எனக்குக் கிறுக்குன்னு நினைச்சிருப்பான். நான் போட்டதுன்னு எழுதினா நீ ரோஷத்தில் திருப்பி அனுப்பிடுவேன்னு பொய் எழுதினேன். அதுவும் தப்பாப் போச்சு.

முதல் நாள் பாதிகூட ஏற முடியலை, ஒரு பாறையில் உக்காந்துட்டேன். நீ இந்த வயசில் மூணு மாடி பத்துத் தடவை ஏறுறேன்னு எழுதினது ஞாபகம் வந்துது. கூடப் பேச ஆள் இல்ல, மூச்சு வாங்கும்போது திட்டவும் முடியாது, அதனால யோசிக்க வேண்டியதாப் போச்சு. நான் கைனாத்துக்கு மாமன். சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கலை. நீ வேணாம்னு சொன்னது சரி. எத்தனாவது நாள் இது விளங்குச்சுன்னு ஞாபகம் இல்ல, ஆனா மலை உச்சியில்தான்.

இன்னொண்ணு. போன வாரம் சுகர் பார்த்தேன், குறைஞ்சிருக்கு. டாக்டர் என்ன பண்றீங்கன்னு கேட்டார். தங்கச்சிக்கு ஷூ பழக்கினேன்னு சொன்னேன். இப்பவும் தினம் மலைக்குப் போறேன், செருப்போட. அதனால நன்றி எனக்கு மட்டும் சொல்லாதே, உனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு.

அந்தத் தோலா ராமுக்கு கால் சைஸ் என்னன்னு கேட்டு எழுது. ஒரு ஜோடி அனுப்பறேன்.

எங்கே வரட்டும்னு கேட்டிருக்கே. ஷெட்டுக்கெல்லாம் வராதே. ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வூட்டுக்கு வா. அண்ணி இப்பவே இன்னா ஆக்கறதுன்னு ஆரம்பிச்சுட்டா. அந்த ஷூவைப் போட்டுக்கினு வா. வாசல்ல வந்து கழட்ட ஆரம்பிக்காதே. நான் அன்னிக்குச் சொன்னது அந்த வாசலைத்தான். ஷூவோட அதுமேல ஏறி மிதிச்சு, நேரா உள்ளே கூடம் வரைக்கும் வா. தரையை நான் துடைச்சுக்கறேன்.

ஷாகுல்